அந்தமானுக்கு ஒரு கிஃப்ட் கார்டு

பிப்ரவரி 3, திங்கள்

ஒருவர் நேர்மையானவர் என்பதை எதை வைத்துத் தெரிந்துகொள்வது? எனக்குத் தெரியாது. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கிளெய்ம் பிரிவில்தான் என் காலம் கழிந்திருக்கிறது. பொய் சொல்பவரைக் கண்டுபிடிக்கத் தெரியும். நேற்று செத்த மாட்டுக்குப் போன வாரத் தேதியில் சான்றிதழ் கொண்டுவருகிறவரை வாசலிலேயே அடையாளம் காண்பேன். உண்மை சொல்கிறவரைக் கண்டுபிடிக்கும் வேலையை இதுவரை யாரும் எனக்குக் கொடுத்ததில்லை. இன்று அக்கா கொடுத்துவிட்டாள்.

பெங்களூரில் இருக்கும் அக்கா மகன் கோகுல், தன் அம்மாவின் பிறந்தநாளுக்குப் பதினைந்தாயிரம் ரூபாய் கிஃப்ட் கார்டு ஒன்றைக் கூரியரில் அனுப்பியிருக்கிறான். ஏடிஎம் கார்டு மாதிரி பளபளவென்று இருக்கிறது. பின்புறம் நீளமாக ஒரு எண். அதன் கீழே வெள்ளிப் பட்டை. சுரண்டினால் ரகசிய எண். எந்தக் கடைக்கு என்று பார்த்தேன். கூடாரம், படகு, சைக்கிள், மலையேறும் கயிறு விற்கும் விளையாட்டுச் சாமான் கடை. மாடியில் துணி காயப்போடப் போவதையே நடுவில் உட்கார்ந்து இரண்டு தவணையாகச் செய்கிறவள் என் அக்கா.

"நான் உடம்பப் பாத்துக்கணும்னு அனுப்பியிருக்கான்டி."

"வேண்டாம்னு சொல்லிடு."

"புள்ள மனசு கஷ்டப்படும். ரொம்ப நல்லாருக்குன்னு அப்பவே சொல்லிட்டேன்."

பால்காரர் இன்றும் வரவில்லை.

பிப்ரவரி 4, செவ்வாய்

மாலை அக்காவை அந்தக் கடைக்கு அழைத்துப் போனேன். ஒரு மணி நேரம் சுற்றினாள். கடைப் பெண் அவளை ஓடும் இயந்திரத்தில் ஏற்றப் பார்த்தாள். "ஓடிட்டு எங்கம்மா போறது, அங்கயேதான நிக்குது" என்று மறுத்துவிட்டாள். வெந்நீர்ப் பை இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை. வெறுங்கையோடு திரும்பினோம்.

ஆட்டோவில்தான் விஷயம் வெளியே வந்தது. பூங்காவில் காலையில் நடக்கும் பெண்கள் மார்ச்சில் விமானத்தில் அந்தமான் போகிறார்கள். நடக்கும் பெண்கள் என்று சொல்வது வழக்கத்துக்காக. ஒரு சுற்று நடந்துவிட்டு மூன்று சுற்றுக்கு உட்கார்ந்து பேசுவார்கள். டிராவல்ஸ்காரரிடம் பதினைந்தாம் தேதிக்குள் முன்பணம் கட்டவேண்டும். அக்கா கட்டாவிட்டால் அவள் இடத்துக்குத் தாசில்தார் மனைவி தயாராக இருக்கிறாள். இந்தக் கார்டை விற்றால் முன்பணம் கிடைத்துவிடும் என்பது அக்காவின் திட்டம்.

"நான் கட்டறேன்க்கா" என்றேன்.

"வேணாம். உன் காசுல போனா, நீ கேக்குற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிக்கிட்டே போகணும். இது என் பொறந்தநாள் காசு. நானா போயிக்கிறேன்."

அத்தான் உயிரோடிருந்தவரை அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று சொல்லியே கொடைக்கானலைத் தாண்டி அவளை எங்கும் அழைத்துப் போகவில்லை. அவர் போன பிறகு என்னோடு இருக்கிறாள். இதுவரை என்னிடம் எதுவும் கேட்டதில்லை. அதனால் ஒப்புக்கொண்டேன். விற்றுத் தருகிறேன், ஆனால் என் முறைப்படி.

பிப்ரவரி 5, புதன்

பழைய பொருள்கள் வாங்கி விற்கும் இணையதளத்தில் விளம்பரம் போட்டேன். விலை பதின்மூவாயிரத்து ஐந்நூறு. நிபந்தனைகள்: வாங்குகிறவர் ஆதார் நகல் அனுப்பவேண்டும். வேலை செய்யும் இடத்தின் அடையாள அட்டை. அன்றைய செய்தித்தாளைக் கையில் பிடித்தபடி ஒரு புகைப்படம். பணம் முழுவதும் வந்து சேர்ந்து, வங்கியில் நான் நேரில் உறுதி செய்த பிறகே கார்டின் எண் தரப்படும்.

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுக்கப் படித்தாள்.

"எனக்கு மாப்ள பாக்கறப்போ அப்பா இதுல பாதி கேட்டிருந்தா நல்லாருந்திருக்கும்" என்றாள்.

பிப்ரவரி 6, வியாழன்

இருபத்தோரு பேர் விசாரித்தார்கள். இருபத்தோரு பேரும் திருடர்கள்.

பிப்ரவரி 7, வெள்ளி

நேற்று எழுதியது கொஞ்சம் கடுமை. இருபது பேர் திருடர்கள். ஒருவர் தன் பழைய வாஷிங் மெஷினை என்னிடம் விற்கப் பார்த்தார்.

தான் ராணுவத்தில் இருப்பதாகவும், எல்லையிலிருந்து பேசுவதாகவும் ஒருவன் சொன்னான். பின்னணியில் டவுன் பஸ் கண்டக்டர் விசில் கேட்டது. அவன் ஒரு சதுரப் புள்ளிப் படத்தை அனுப்பி, அதை ஸ்கேன் செய்து எங்கள் வங்கி ரகசிய எண்ணைப் போட்டால் பணம் எங்களுக்கு வரும் என்றான். அவன் மறுபடி அழைத்தபோது நான் குளித்துக்கொண்டிருந்தேன். என் போனை எடுத்துப் பேசிய அக்கா, தன் போனால் ஸ்கேன் செய்யும் அளவுக்குப் போய்விட்டாள். ஈரத்தலையோடு ஓடிவந்து பிடுங்கினேன்.

"பணம் வாங்கறதுக்கு எதுக்குக்கா ரகசிய எண்? அது கொடுக்கறதுக்குத்தான் வேணும்."

"பாவம்டி, எல்லைல நிக்கிறாரு."

"எல்லைல நிக்கிறவருக்கு எதுக்கு கிஃப்ட் கார்டு?"

"கால்ல போட ஷூ வேணாமா?"

இவளை வைத்துக்கொண்டு என்ன செய்வது!

பிப்ரவரி 8, சனி

ஸ்டெல்லா என்றொரு பெண் எழுதியிருக்கிறாள். மணப்பாறைப் பக்கம் ஒரு பள்ளியில் பி.டி. டீச்சராம். "அக்கா கார்டு இருக்கா அக்கா. எங்க பிள்ளைங்க ரிலே ஓடுறாங்க அக்கா. வெறுங்கால்ல ஓடுறாங்க அக்கா. நீங்க சொன்ன விலை ஓகே அக்கா." ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் கும்பிடும் கைகள், எண்ணி மாளவில்லை.

மூன்று காரணங்களால் சந்தேகப்பட்டேன். ஒன்று, பேரமே பேசவில்லை. கீரைக்கட்டுக்கே பேரம் பேசும் ஊரில், சொன்ன விலைக்குத் தலையாட்டுகிறவள் பணம் கொடுக்கும் எண்ணமில்லாதவளாகத்தான் இருக்கவேண்டும். இரண்டு, வெறுங்கால் பிள்ளைகள். மனம் இளக வைக்கும் கதை மோசடியின் முதல் படி. மூன்று, அத்தனை அக்கா.

ஆதார் நகல் கேட்டேன். "எதுக்கு அக்கா ஆதார்?" என்றாள். பள்ளி அடையாள அட்டையும், செய்தித்தாளோடு புகைப்படமும் வேண்டும் என்று எழுதினேன். வங்கியின் பெயரையும் கேட்டேன். அதன் பிறகு பதிலே இல்லை.

இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

பிப்ரவரி 9, ஞாயிறு

தண்ணீர்த் தொட்டி கழுவினோம். அக்கா காலண்டரில் பதினைந்தாம் தேதியைச் சுற்றி மஞ்சளால் வட்டம் போட்டிருக்கிறாள். கேட்டால் கை பட்டுவிட்டதாம்.

பிப்ரவரி 10, திங்கள்

கடைசியில் ஒரு மனிதர்.

பெயர் நடராஜ சுந்தரம். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முழு வாக்கியங்களாக எழுதுகிறார். நிறுத்தற்குறிகள் அதனதன் இடத்தில் இருக்கின்றன. முதல் செய்தியே என் மனத்துக்குப் பிடித்தது. "அம்மையீர், தாங்கள் கேட்கும் ஆவணங்களை அனுப்ப இயலாது. தாங்கள் யார் என்று எனக்குத் தெரியாது. இணையத்தில் கிஃப்ட் கார்டு விற்பவர்களில் பெரும்பாலோர் ஏமாற்றுக்காரர்கள். தங்கள் கார்டில் பணம் இருக்கிறது என்பதற்கு என்ன நிரூபணம்?"

அரை மணி நேரம் கழித்துத்தான் பதில் எழுதினேன். உடனே எழுதினால் ஆர்வமாக இருப்பதாக நினைத்துக்கொள்வார்.

பிப்ரவரி 11, செவ்வாய்

அவர் என் விளம்பரத்தில் இரண்டு ஓட்டைகளைச் சுட்டிக்காட்டினார். இரண்டும் நியாயமானவை. நான் அவருடைய வாதத்தில் ஒன்றைச் சுட்டிக்காட்டினேன். ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொள்ளும் ஆண்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

பேரமும் பேசினார். பதின்மூவாயிரத்துக்கு முடித்தோம்.

"என்னடி, போனப் பாத்து சிரிக்கிற?" என்றாள் அக்கா.

"சிரிக்கலை. ஒரு விஷயத்தைச் சரிபார்த்துட்டு இருக்கேன்."

பிப்ரவரி 12, புதன்

நடராஜ சுந்தரம் ஒரு ஏற்பாடு சொல்லியிருக்கிறார். அழகான ஏற்பாடு. யாரும் யாரையும் நம்பத் தேவையில்லை. நாளை இரண்டு மணிக்கு அவர் என்னை அழைப்பார். கடையின் வாடிக்கையாளர் சேவை எண்ணையும் அதே அழைப்பில் இணைப்பார். நான் என் போனில் கார்டு எண்ணையும் ரகசிய எண்ணையும் அழுத்தவேண்டும். வாயால் சொல்லவேண்டியதே இல்லை. இருப்பு எவ்வளவு என்று இயந்திரம் சொல்வதை இருவரும் கேட்போம். எண் எனக்கு மட்டும் தெரியும். இருப்பு இருவருக்கும் தெரியும். அந்த நிமிடமே பணம் அனுப்பிவிடுவார். படித்தவர்களால்தான் இப்படி யோசிக்க முடியும்.

நாளை அரை நாள் விடுப்பு. அலுவலகத்தில் பல்வலி என்று சொல்லியிருக்கிறேன்.

பிப்ரவரி 13, வியாழன்

நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன்.

இரண்டு மணிக்குச் சற்று முன்னால் அக்காவிடம் கார்டைக் கேட்டேன். இடுப்பில் சொருகி வைத்திருந்தாள். எடுக்கவில்லை.

"மணி என்ன?"

"ரெண்டு ஆகப்போகுது."

"வியாழக்கிழமை ஒண்ணரைலேர்ந்து மூணு ராகு காலம். மூணுக்கு மேல தரேன்."

நான் எம்.எஸ்சி. புள்ளியியல். எங்கள் அலுவலகத்துக்கு வந்த வாகன விபத்து கிளெய்ம்களை ஒருமுறை ராகு காலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். எந்தத் தொடர்பும் இல்லை. அதை அக்காவிடம் சொன்னேன்.

"இடிச்ச நேரத்தத்தான பாத்த? வீட்டுலேர்ந்து கிளம்பின நேரத்தப் பாத்தியா?"

பார்க்கவில்லை. தரவு இல்லை.

இரண்டு மணிக்குச் சரியாக அவர் அழைத்தார். குரல் மென்மையாக இருந்தது. ஒரு மணி நேரம் தாமதமாகும் என்றேன். காரணம் கேட்டார். வீட்டில் ஒரு சிறு சிக்கல் என்றேன். சமையலறையிலிருந்து அக்கா, "ராகு காலம்னு சொல்லேன்டி, அதுல என்ன வெக்கம்?" என்று கத்தினாள்.

"மேடம், படிச்சவங்க, நீங்களா இப்படி?" என்றார். எனக்கு முகம் சூடாகிவிட்டது. மன்னிப்புக் கேட்டேன்.

கொஞ்ச நேரத்தில் மறுபடி அழைத்தார். பணம் அனுப்பும் வசதி இரண்டரைக்கு மூடிவிடுமாம். அதற்குள் முடிக்கவேண்டுமாம். அக்காவிடம் கெஞ்சினேன். "பணம்னா மூணு மணிக்கு அழுகிப்போயிருமா?" என்றாள். மறுபடி அழைத்தார். இப்போது, கார்டைச் சுரண்டி ஒரு போட்டோ மட்டும் எடுத்து அனுப்பினால் போதும், மீதியை அவர் பார்த்துக்கொள்வார் என்றார். தொடக்கத்தில் சொன்ன ஏற்பாட்டுக்கு இது சற்று முரணாக இருப்பதைக் கவனித்தேன். ஆனாலும் அவசரத்தில் யாருக்கும் தர்க்கம் தவறும்.

போனை ஸ்பீக்கரில் போட்டு அக்காவின் பக்கம் நீட்டினேன்.

"தம்பி, மூணு மணிக்குக் கூப்புடுங்க. இல்லன்னா நாளைக்குப் பண்ணலாம். நாளைக்குக் கூட பத்தரைக்கு முன்னால."

"ஏ கெழவி, கார்ட அந்தம்மாகிட்ட குடு!"

"யாருடா கெழவி? உங்கப்பன்கிட்ட போய் கேளு, உன்னப் பெத்ததுக்கு எந்த ராகு காலத்துல முகூர்த்தம் வெச்சாருன்னு! வை போன!"

வைத்துவிட்டார்.

மூன்றுக்கு மேல் நானே ஒருமுறை அழைத்துப் பார்த்தேன். மரியாதைக்காக மட்டும். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது.

இந்த ஆளோடு மேற்கொண்டு தொடர்பு வேண்டாம் என்று முடிவு செய்தேன். அனுபவத்தில் வரும் முடிவு இது.

பிப்ரவரி 14, வெள்ளி

பக்கத்து மேசை ஜெசிந்தாவிடம், வேறொருவருக்கு நடந்ததைப் போல இதைச் சொன்னேன்.

"அய்யோ, அந்த மூணு பேர் கால் திருட்டா? நம்பரை அமுக்கறப்போ ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு சத்தம் வரும்ல? அதை ரெக்கார்டு பண்ணி நம்பரைக் கண்டுபிடிச்சிருவானுங்க. அடுத்த நிமிஷமே கார்டு காலி. போன மாசம் நமக்கே சர்க்குலர் வந்துச்சே. நீங்க கூட படிச்சதா கையெழுத்துப் போட்டீங்களே?"

எனக்கும் அப்படித்தான் தோன்றியது என்றேன்.

"பல்வலி எப்படி இருக்கு?" என்று கேட்டாள். கேட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொல்லவில்லை. ராகு காலத்தைப் பற்றிய அவளுடைய நம்பிக்கையை மேலும் வளர்ப்பதில் எனக்கு விருப்பமில்லை. நாளை கடைசி நாள். விளம்பரத்தை எடுத்துவிடுகிறேன், முன்பணத்தை நானே கட்டுகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

"வேணாம். அந்த டீச்சர் பொண்ண வரச்சொல்லிட்டேன்."

"எந்த டீச்சர்?"

"வெறுங்கால் டீச்சர். உன் போன்ல நம்பர் இருந்துச்சு. நேத்து ராகு காலம் முடிஞ்சதும் கூப்புட்டேன். நாளைக்குப் பதினொரு மணிக்கு அந்தக் கடை வாசலுக்கு வரா. வேணுங்கறத அவ எடுக்கட்டும், நான் கார்டைக் கொடுத்து பில் போடறேன், அவ எனக்குப் பணம் கொடுக்கட்டும். அங்கயே வாங்கி அங்கயே கொடுக்கறதுல எவன் ஏமாத்துவான்?"

"அவ ஆதாரே அனுப்பலையேக்கா."

"நீ உன்னுத அனுப்புனியா?"

இது சரியான கேள்வி இல்லை.

என் கணிப்பு: நாளை யாரும் வரமாட்டார்கள். வந்தாலும் அது டீச்சராக இருக்காது. ஒருத்தியாகவும் வராது, கூட்டமாக வரும். கடைக்கு அருகிலுள்ள காவல் நிலையத்தின் எண்ணை எழுதி வைத்துக்கொண்டேன். கடை பொது இடம் என்பதால் ஆபத்து குறைவு. அக்கா அழக்கூடும். கைக்குட்டை இரண்டு எடுத்து வைத்தேன்.

பிப்ரவரி 15, சனி

கூட்டமாகத்தான் வந்தார்கள்.

கடை வாசலில் ஒல்லியான ஒரு பெண், கழுத்தில் விசில். அவளுக்கு இரண்டு பக்கமும் கட்டுமஸ்தாக இரண்டு ஆண்கள். நான் அக்காவின் முழங்கையைப் பிடித்து இழுத்தேன். அக்கா வரவில்லை. அவர்களில் மீசைக்காரர் முன்னால் வந்தார்.

"இதுல ஆதார் கேட்டது யாரு?"

"நான்தான். நீங்க யாரு?"

சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டினார். தலைமைக் காவலர் அந்தோணிசாமி. அந்தப் பெண்ணின் கணவர். கூட வந்தவர் அதே ஸ்டேஷனில் காவலர். இருவரும் விடுப்பு போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். கையில் ஒரு தாள். நான் அந்தப் பெண்ணுக்கு அனுப்பிய செய்திகளின் அச்சு.

"ஆதார் வேணும், ஐடி கார்டு வேணும், பேப்பரப் புடிச்சிக்கிட்டு போட்டோ வேணும், பேங்க் பேரு வேணும், பணம் முழுசா மொதல்ல வேணும். மேடம், நான் பதினஞ்சு மோசடி கேஸ் பாத்திருக்கேன். ஒருத்தன்கூட இவ்வளவு கேட்டதில்ல. கும்பலோட தலைவரப் புடிக்கப் போறம்னுதான் இவரையும் இழுத்துட்டு வந்தேன். உங்க ஐடி காட்டுங்க."

நான் கொண்டுவரவில்லை. பாதுகாப்புக்காக எதையும் எடுத்து வரவேண்டாம் என்று முடிவு செய்திருந்தேன்.

அக்கா சிரிக்கத் தொடங்கினாள். நிறுத்த முடியவில்லை. எடுத்து வைத்திருந்த கைக்குட்டைகளில் ஒன்று அதற்குப் பயன்பட்டது.

"தம்பி, அவ சுபாவமே அப்படி. சொந்தத் தங்கச்சி. என் கல்யாணத்துக்கு வந்த ஐயருகிட்டயே எந்த ஊரு, எங்க படிச்சீங்கன்னு கேட்டவ. எங்க வேணா தேடுங்க, ஒரு திருட்டும் கிடைக்காது. வெறும் கேள்விதான் கிடைக்கும்."

மீசைக்காரர் தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். கிழிக்கவில்லை என்பதைக் கவனித்தேன்.

உள்ளே போனோம். ஸ்டெல்லா ஒவ்வொரு ஷூவையும் வளைத்து, முகர்ந்து, தரையில் தட்டிப் பார்த்தாள். பிள்ளைகளின் கால் அளவுகளைச் செய்தித்தாளில் வெட்டிக் கொண்டுவந்திருந்தாள். ஒவ்வொரு பாதத்திலும் பெயர் எழுதியிருந்தது. அபிராமி என்பவளுடைய பாதம் மற்ற எல்லோரையும்விடச் சின்னது. அவள்தான் கடைசிச் சுற்று ஓடுகிறவளாம். நான் காகிதத்தைப் பிடித்துக்கொள்ள, ஸ்டெல்லா ஷூவுக்குள் வைத்து அளந்தாள். சில ஜோடிகளை நானும் வளைத்துப் பார்த்தேன். இரண்டில் தையல் சரியில்லை, மாற்றச் சொன்னேன்.

"நல்லா பாக்குறீங்க மேடம்" என்றாள். "இந்த வேலைக்கு உங்களயே கூட்டிக்கிட்டு வந்திருக்கலாம்."

பில் போடும் இடத்தில் அக்கா எல்லோர் முன்னிலையிலும் வெள்ளிப் பட்டையைச் சுரண்டினாள். கார்டில் பணம் இருந்தது. நான் விளம்பரத்தில் போட்ட விலையை ஸ்டெல்லா ஒரு ரூபாய் குறைக்காமல் அக்காவின் போனுக்கு அனுப்பினாள். வங்கிச் செய்தி வந்ததா என்று நான் பார்த்தேன்; வந்திருந்தது. ஸ்டெல்லாவின் பக்கமும் பணம் போனதா என்று அந்தோணிசாமி பார்த்தார். எங்கள் இருவருக்கும் அந்த ஒரு விஷயத்தில் கருத்து வேறுபாடு இல்லை.

கார்டில் கொஞ்சம் மீதி இருந்தது. அது உங்களுடையது அக்கா, நீங்களே ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள் ஸ்டெல்லா. அக்கா எதையோ எடுத்துப் பில் போட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். என்னவென்று காட்டவில்லை.

அங்கிருந்து நேராக டிராவல்ஸ். முன்பணம் கட்டியாயிற்று. தாசில்தார் மனைவி அங்கே உட்கார்ந்திருந்தாள். அக்கா ரசீதை வாங்கி, தேவையில்லாமல் இரண்டு முறை சத்தமாகப் படித்தாள்.

மாலை நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். சமையலறையில் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். அக்கா தரையில் உட்கார்ந்து சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் பெரிய நீலக் கண்ணாடி; நீச்சலடிக்கிறவர்கள் மாட்டுவது. ரப்பர் பட்டை கொண்டைக்கு மேல் ஏறி நின்றது.

"கடலுக்குள்ள மீன் தெரியுமாம்டி. பழகிக்கலாம்னு போட்டேன்." அருவாமனையிலிருந்து கையை எடுக்காமல் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இந்து, கண்ணே எரியல."

நானும் உட்கார்ந்து பாதி வெங்காயத்தை உரித்தேன். எனக்குத் தண்ணீராகக் கொட்டியது. மீதிப் பணத்தில் இரண்டாக எடுத்திருக்கலாம்.